பிள்ளைகளின் பருவப் பாடமும் சங்கத்தின் பற்று வரவும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்தில் கடன், விதை, உரம், பால் விலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். ஆரம்பப் பாடசாலையில் சிறுவர் சிறுமியர் கற்கும் பாடத்தைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை மிகவும் எளிது. சங்கத்தின் பேரேட்டில் உள்ள கணக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் உள்ள கணக்கும் ஒரே கணக்கேயாகும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம் என்னும் இவ்வைந்துக்கும் அப்பால் சாதாரண அங்கத்தினர் ஒருவருக்கு வேண்டிய கணக்கு ஏதுமில்லை. ஆகையால் பாடசாலையில் இப்பருவத்தில் நடைபெறும் பாடம் சங்கத்தார் அனைவருக்கும் சம்பந்தப்பட்ட விஷயமேயாகும்.

கூட்டுறவு இயக்கம் தோன்றிய நாள் முதற்கொண்டே கல்வியும் அதனுடன் இணைந்து வந்திருக்கிறது. இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டில் நெசவுத் தொழிலாளர் முதலானோர் சேர்ந்து அமைத்த பண்டகசாலைச் சங்கமானது, மாவு முதலிய பண்டங்களை விற்றதோடு நில்லாமல், அங்கத்தினர் படிப்பதற்கென வாசகசாலை ஒன்றையும் சில ஆண்டுகளுக்குள் ஏற்படுத்திற்று. இந்தியாவில் 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே, இப்பொழுது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூர் என்னும் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கம் நிறுவப்பெற்றது. சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1995ஆம் ஆண்டில் வரையறுத்த ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கொள்கை, அங்கத்தினருக்குக் கல்வியும் பயிற்சியும் தகவலும் அளித்தல் வேண்டும் என்பதேயாகும். எழுதப் படிக்க அறியாத அங்கத்தினர் தமது சங்கத்துக்குத் தாமே எஜமானர் என்று சட்டத்தில் இருந்தபோதிலும், நடைமுறையில் பிறர் வாசித்துச் சொல்வதையே நம்பி இருக்கவேண்டியவராகிறார் என்பதை இவ்வியக்கத்தின் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இனி, பாடசாலையில் நடைபெறுவது யாது என்பதைக் கவனிப்போமாக. தமிழ்நாட்டில் 2012–13ஆம் கல்வி ஆண்டு முதல் முப்பருவ முறை அனுஷ்டானத்துக்கு வந்தது. ஆண்டு முழுவதற்கும் ஒரு பெரும் புத்தகம் என்றிருந்தது மாறி, ஜூன் முதல் செப்டம்பர் வரை முதற் பருவம், அதன் பின்னர் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம் என்று பகுத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிப் புத்தகம் வழங்கும் முறை ஏற்பட்டது. பிள்ளைகளின் தோளில் சுமை குறைந்தது பெரிய நன்மையே. ஆயினும் இதில் பெற்றோர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பருவம் முடிந்தவுடன் அப்புத்தகமும் பரணுக்குச் சென்றுவிடுகிறது. அப்பருவத்தில் பிள்ளை விட்டுவிட்ட பாடமும் அதனுடன் பரணிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த பருவத்துப் புத்தகமோ, முந்திய பாடம் தெரியும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குகிறது.

கொரோனா நோயின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பெற்ற பாடசாலைகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்றுதான் திறக்கப்பெற்றன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக எழுத்தை மறந்திருந்த பிள்ளைகள் பலர். முதல் வகுப்பைக் கண்ணால் காணாமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்களும் உண்டு. அக்குறையை நீக்கும்பொருட்டு அரசாங்கத்தார் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கினர். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் யாவரும் 2025ஆம் ஆண்டுக்குள் பொருள் உணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வல்லவராதல் வேண்டும் என்பது தொடக்கத்தில் வகுக்கப்பெற்ற இலக்கு. முதல் மூன்று வகுப்புகளுக்கென ஏற்பட்ட இத்திட்டம் 2023–24ஆம் ஆண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பெற்றது.

இத்திட்டத்தின்படி, ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதாகக் கருதப்படுவதில்லை. எழுத்துகளையும் எண்களையும் இனிமேல்தான் அறியவேண்டியவர்கள் அரும்பு நிலை என்றும், அவற்றை ஓரளவு அறிந்தவர்கள் மொட்டு நிலை என்றும், வகுப்புக்குரிய பாடத்தைக் கற்கக்கூடியவர்கள் மலர் நிலை என்றும் பிரிக்கப்பெற்று, அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி அளிக்கப்பெறுகிறார்கள். விவசாயம் செய்வோருக்கு இது புதிதன்று. ஒரே நாளில் விதைத்த வயலிலும் மேட்டுப் பகுதிப் பயிர் ஒரு விதமாகவும் பள்ளத்துப் பயிர் வேறு விதமாகவும் வளர்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவாக நீர் பாய்ச்சுவோர் யாரும் இல்லை.

“பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள், பொம்மை வைத்து விளையாடுகிறார்கள், இதுவும் ஒரு படிப்பா?” என்று பெரியோர் சிலர் குறை கூறுவதுண்டு. அவர்கள் ஒரு நாள் வகுப்புக்குச் சென்று பார்த்தல் நலம். பிள்ளைகள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைக்கிறார்கள். மூன்று கட்டும் நான்கு உதிரிக் குச்சியும் சேர்ந்தால் முப்பத்து நான்கு. பத்துக் கட்டுகளைச் சேர்த்துப் பெருங்கட்டாகக் கட்டினால் நூறு. நாற்றங்காலில் நாற்றை முடி முடியாகக் கட்டி எண்ணுவதும், வெற்றிலையைக் கவுளியாக அடுக்கி எண்ணுவதும் இதே முறைதான். இதற்கே இடமதிப்பு என்று பெயர். 1, 8, 0, 0 என்னும் அதே நான்கு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் 1,008 ஆகலாம், 1,080 ஆகலாம், 1,800ம் ஆகலாம். ரசீதில் எழுதியிருப்பது இம்மூன்றில் எது என்று அறியும் திறமையைத்தான் அந்தக் குச்சிக் கட்டுகள் கற்பிக்கின்றன.

முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். கால், அரை, முக்கால் மட்டுமன்றி, இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி ஆகியவற்றையும் வாயாலேயே கணக்கிட்டனர். இரண்டு மரக்கால் ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று களத்துமேட்டில் நெல்லளந்தனர். அக்கணக்கு சிறந்ததே. எனினும் அத்திண்ணை ஊரிலுள்ள எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இடங்கொடுக்கவில்லை என்பதையும், பெண் குழந்தைகளில் மிகச் சிலரே அதில் அமர்ந்தனர் என்பதையும் மறத்தலாகாது. மேலும் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று அணாவும் பைசும் நீங்கி, ரூபாய்க்கு நூறு காசு என்னும் தசாம்ச முறை நடைமுறைக்கு வந்தது. அதனையடுத்துப் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் மீட்டரும் சட்டப்படியான அளவைகள் ஆயின. ஆகவே பாட்டனார் கற்ற கணக்குக்கும் பேரப்பிள்ளை கற்கும் கணக்குக்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு. இவ்விருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இரண்டு கணக்கும் வீட்டில் நிலைத்திருக்கும்.

எண்கள், வடிவியல், அமைப்புகள், அளவைகள், காலம், பணம், பின்னங்கள் என்னும் தலைப்புகள் ஆரம்ப வகுப்புகளின் கணிதப் புத்தகங்களில் சிறிது சிறிதாக விரிந்துகொண்டே வருகின்றன. இவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சங்கத்தின் காரியத்தோடு பொருத்திக் காட்டுவது உசிதமாகும்.

முதலாவது, கழித்தல். கிராமத்தார் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று சொல்வது இதனையே. அங்கத்தினர் ஒருவர் சங்கத்தில் 5,000 ரூபாய் கடன் பெற்று, அசலில் 1,850 ரூபாய் செலுத்தியிருப்பாரேயாகில், நிற்கும் பாக்கி 3,150 ரூபாய். இம்முறையைக் கற்பித்த நாட்களில் பாடசாலைக்கு வராத பிள்ளை என்ன செய்யும் என்பதை உபாத்தியாயர்கள் நன்கு அறிவார்கள். மேலே உள்ள சுன்னத்திலிருந்து கீழே உள்ள எட்டு போகாது என்று கண்டு, எட்டையே கீழே இறக்கிவிடும். ஐந்தையும் அவ்வாறே இறக்கிவிடும். விடை 4,850 என்று வரும். மெய்யான பாக்கிக்கும் இதற்கும் வித்தியாசம் 1,700 ரூபாய். நான்கு நாட்கள் வகுப்புக்குப் போகாததன் விலை இவ்வளவு. இது ஒரே ஒரு கணக்கில் நேரும் நஷ்டம் மட்டுமே. அப்பிழை திருத்தப்பெறாமல் வளர்ந்தால், ஆயுள் முழுவதும் தொடர்ந்து வரும்.

இரண்டாவது, பின்னம். பால் உற்பத்தியாளர் சங்கத்தில் ஒரு குடும்பத்தார் காலையில் மூன்றரை லிட்டரும் மாலையில் இரண்டரை லிட்டரும் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஆறு லிட்டர். பத்து நாளைக்கு 60 லிட்டர். லிட்டர் 38 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் 2,280 ரூபாய் வரவேண்டும். அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று என்பதை அறியாதார், மூன்றும் இரண்டும் ஐந்து என்று மட்டும் எண்ணி, 1,900 ரூபாய் கைக்கு வந்தாலும் திருப்தியுடன் திரும்பிவிடுவர். நஷ்டமாகும் 380 ரூபாய், மாட்டுக்குத் தீவனம் வாங்கப் பயன்படக்கூடிய தொகையாகும்.

மூன்றாவது, பெருக்கல். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. அவசரத் தேவைக்கு 5,000 ரூபாய் வேண்டி வெளியாரிடம் போனால், “நூற்றுக்கு மூன்று ரூபாய்தான் வட்டி” என்பர். மூன்று ரூபாய் என்பது கேட்பதற்கு மிகவும் அற்பமாகவே தோன்றும். அது மாதத்துக்கு என்பதையும் நூறு ஒவ்வொன்றுக்கும் என்பதையும் நினைவில் வைத்துப் பெருக்குதல் வேண்டும். ஐயாயிரத்தில் நூறுகள் ஐம்பது. ஐம்பதை மூன்றால் பெருக்க, மாதத்துக்கு 150 ரூபாய். அதனைப் பன்னிரண்டால் பெருக்க, வருஷத்துக்கு 1,800 ரூபாய். அதே தொகையை வருஷத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்னும் விகிதத்தில் பெற்றால், மாதத்துக்கு 50 ரூபாயும் வருஷத்துக்கு 600 ரூபாயும்தான் வட்டி. இரண்டுக்கும் வித்தியாசம் 1,200 ரூபாய். மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து என்று வாங்குவோரிடம் சிக்கினாலோ, வருஷ வட்டி 6,000 ரூபாயாகி அசலையே விழுங்கிவிடும். அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்து 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பெற்றிருக்கிறது. எனினும், கொடுக்கும் வட்டி எவ்வளவு என்றே அறியாதவர் அச்சட்டத்தின் உதவியை நாடுவது எங்ஙனம்? வாய்ப்பாடு தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இக்கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டிலேயே போட்டுக் காட்டிவிடும்.

எந்த ஊரிலும் நிகழக்கூடிய காரியம் ஒன்றைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். பெரியவர் ஒருவர், கைநாட்டு வைப்பவர். சங்கத்தில் 1,850 ரூபாய் கட்டிவிட்டு, ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீடு திரும்புகிறார். நான்காம் வகுப்பில் படிக்கும் பேத்தி, எழுத்தைக் கண்டால் படிக்காமல் விடுவதில்லை என்னும் வயதினள். ரசீதை வாங்கிப் படிக்கிறாள். “தாத்தா, இதில் ஆயிரத்து எண்ணூறு என்றல்லவா போட்டிருக்கிறது? நீங்கள் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது கட்டியதாகச் சொன்னீர்களே?” என்கிறாள். பெரியவர் மறுநாள் சங்கத்துக்குச் சென்று விஷயத்தைச் சொல்கிறார். செயலாளர் அன்றைய ரொக்க இருப்பை ரசீதுகளுடன் ஒத்துப் பார்க்கிறார், ஐம்பது ரூபாய் அதிகமாக இருப்பது தெரிகிறது, பிழை திருத்தப்பெறுகிறது. எழுதுவோர் கையில் பிழை நேர்வது உலக இயற்கை. அதனைக் கண்டுபிடிக்கும் கண் ஒன்று வீட்டில் இருந்தால், சங்கத்தின் கணக்கும் சுத்தமாகும். செயலாளரின் பெயரும் காப்பாற்றப்படும். இதில் கிடைத்த லாபம் ஐம்பது ரூபாய் மட்டுமன்று. அன்று முதல் அப்பெரியவர் எந்தக் காகிதத்தையும் படித்துக் கேட்காமல் கைநாட்டு வைக்கமாட்டார் அல்லவா?

ஆயினும் இங்கே எச்சரிக்கை ஒன்றும் அவசியம். பிள்ளையைக் குடும்பத்தின் கணக்கப்பிள்ளையாக்கிவிடலாகாது. ரசீதைப் படிக்கச் சொல்லலாம். பாக்கியைக் கழித்துக் காட்டச் சொல்லலாம். கடனைப் பற்றிய கவலையை அதன் தலையில் ஏற்றுதல் தகாது. கணக்கில் தவறினால் ஏசுவதும், பிறர் முன்னிலையில் நகைப்பதும் கூடா. தவறாகப் போட்ட கணக்கைத் திரும்பப் போடச் செய்வதே முறை. மேலும், பிள்ளை படித்துக் காட்டுகிறது என்பதனால் பெரியோர் படிக்க வேண்டுவதில்லை என்று கொள்ளுதலும் சரியன்று. எழுத்தறியாத பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கென 2022ஆம் ஆண்டில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பேத்தி கற்கும் எழுத்தைப் பாட்டியும் கற்பதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இடையூறு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது. பருவங்களின் காலமும் வேளாண்மையின் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதற் பருவம் தொடங்கும்போது குறுவை நடவு; இரண்டாம் பருவத்தில் சம்பாப் பயிருக்குக் களையெடுப்பு; மூன்றாம் பருவம் தொடங்கும்போது தை மாதத்து அறுவடை. தாய் வயலுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரும்பாலும் நிறுத்தப்படுபவள் மூத்த பெண் குழந்தையே. ஒரு நாள் கூலியில் மிச்சமாவது இவ்வளவு என்று குடும்பத்தார் கணக்கிடுகின்றனர். விட்டுப்போன பாடத்தின் நஷ்டத்தைக் கணக்கிடுவதில்லை. கடன் வாங்கிக் கழித்தலைக் கல்லாத பெண், வகுத்தலில் தவறுகிறாள்; வகுத்தல் தெரியாமல் பின்னத்தில் திகைக்கிறாள்; பின்னம் புரியாமல் ஆறாம் வகுப்பில் கடைசிப் பலகைக்குப் போகிறாள். “எனக்குக் கணக்கு வராது” என்று அவளே சொல்லத் தொடங்குகிறாள். கணக்கு வராத பெண் என்று ஒருவரும் பிறப்பதில்லை. ஏதோ ஓர் அறுவடையின்போது வகுப்புக்குப் போகாத பெண் என்பதே அதன் பொருள்.

காலைப் பசியோடு வந்த பிள்ளை பாடத்தைக் கவனிப்பதில்லை என்பதைக் கருதி, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதியன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அரசாங்கத் தொடக்கப் பாடசாலைகள் யாவற்றுக்கும் விரிவுபடுத்தப்பெற்றது. அரசாங்கத்தார் உணவும் புத்தகமும் அளிக்கலாம். பிள்ளையை வாயிற்படி தாண்டி அனுப்பவேண்டியவர் பெற்றோரே.

ஆகையால் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் இப்பருவத்திலேயே செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, பாடசாலைக்குச் சென்று, தமது பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்றில் எந்நிலையில் இருக்கிறது என்று உபாத்தியாயரை வினவி அறிதல் வேண்டும். மார்க்கு எவ்வளவு என்று கேட்பதைக் காட்டிலும், எந்தப் பாடம் வரவில்லை என்று கேட்பது பயன் தரும். இரண்டாவதாக, மாதம் ஒரு முறையாவது சங்கப் பாஸ் புத்தகத்தையோ பால் அட்டையையோ பிள்ளையிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் செய்து கேட்டல் வேண்டும். மூன்றாவதாக, நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் போதாத காலத்தில், கைக்குழந்தைகளை அங்கன்வாடியில் விடுவதற்கும், அண்டை வீட்டார் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதற்கும் முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுதல் நன்று. கூட்டுறவு என்பது கடனுக்கு மட்டும் உரியதன்று.

2009ஆம் ஆண்டின் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. அச்சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். சங்கத்தின் பொதுப்பேரவைக்கு வந்து கேள்வி கேட்டுப் பழகியவர்கள் அக்குழுவின் கூட்டத்துக்கும் தவறாமல் செல்வார்களாயின், கிராமத்துப் பாடசாலை பெரிதும் பயனடையும். சங்கத்தின் நிர்வாகிகளும் தங்கள் பங்குக்கு, வட்டி விகிதத்தையும் தவணைத் தேதியையும் நான்காம் வகுப்புப் பிள்ளை படிக்கக்கூடிய தெளிவான தமிழில், பெரிய எழுத்தில் சங்க வாயிலில் எழுதி வைத்தல் வேண்டும். அப்பிள்ளைக்குப் புரியாத அறிவிப்பு, அங்கத்தினருக்கும் புரியவில்லை என்றே கொள்ளத்தக்கது.

இன்று ஆரம்பப் பாடசாலையில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே நாளை இச்சங்கத்தின் அங்கத்தினரும் நிர்வாகிகளும் ஆவார்கள். அவர்கள் கையெழுத்து இடும்போது, இடுவது இன்னதற்கு என்று படித்தறிந்து இடுதல் வேண்டும். அதற்கான பாடம் இப்பருவத்தில் வகுப்பில் நடைபெறுகிறது. இன்று மாலை வீடு திரும்பியதும், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பிள்ளையை அருகில் அழைத்து, “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்பாராக.